எழுபது டிகிரி

சான் அன்டோனியோவில் அக்டோபரிலும் ஏ.சி. ஓடும்.
மூன்றாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை.
மூன்று பேர், ஆளுக்கொரு குவளைக் காப்பி,
நடுவே இன்றைய பதினொரு கோப்புகள்.
ஏழாவது:
ஆரின் கெட்லர், ஸ்டாஃப் சார்ஜெண்ட்,
சரக்கு லாரி ஓட்டுநர், ஒன்பது வருடம் நான்கு மாதம்.
கீழ்முதுகு. நாள்பட்ட வலி.
பணிக்குத் தகுதியற்றவர்.
பத்து சதவீதம்.

பத்து என்றால் ஒரு காசோலை, ஒரு கைகுலுக்கல்.
முப்பது என்றால் மாதாமாதம் பென்ஷன்,
பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராணுவ ஆஸ்பத்திரி.
இடையில் இருக்கும் இருபதில்
எத்தனை வீடுகளின் வாடகை இருக்கிறது என்று
கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

முதுகை அளக்க ஒரு கருவி உண்டு.
ஜியாமெட்ரி பாக்ஸில் கிடந்த பாகைமானிக்கு
இரண்டு கைகள் முளைத்தது போல இருக்கும்.
பதினாறு வருடம் நானும் அதைப் பிடித்திருக்கிறேன்,
"முடிந்தவரை குனியுங்கள்" என்று
நானும் சொல்லியிருக்கிறேன்.

குனியக் குனியக் குட்டுவார்கள் என்பது உலக வழக்கு.
இங்கே அதற்கு அட்டவணையே போட்டிருக்கிறோம்:
முப்பதைத் தாண்டாத முதுகுக்கு நாற்பது,
அறுபதோடு நின்றால் இருபது,
அதற்கும் கீழே போகிறவனுக்குப் பத்து.

கெட்லர் எழுபது குனிந்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற கர்னல் ஹாலிஸ்டர் பக்கத்தைத் தட்டிக் காட்டுகிறார்:
"எழுபது. எண் எண்தான், மார்கிட்."
அவர் கெட்டவர் இல்லை.
அவருடைய இடது முழங்கால் உலோகம்;
அதைப் பற்றி அவர் பேசியதில்லை,
பிறர் பேசினாலும் பிடிக்காது.

நான் அதே பக்கத்தின் ஓரத்தைப் பார்க்கிறேன்.
பரிசோதித்தவர் பென்சிலில் கிறுக்கியது,
நகலெடுத்து நகலெடுத்துச் சாம்பலாகிப்போன ஒரு வரி:
முப்பதில் முகம் சுளித்தார். நிறுத்தலாம் என்றேன்.
தொடர்ந்தார்.

தொடர்ந்தார்.
யார் சொல்லிக்கொடுத்தது அவருக்கு?
நாம்தான்.
பதினெட்டு வயதில் தலையை மழித்து,
முடியாது என்ற சொல்லை
வேரோடு பிடுங்கி எடுத்தவர்கள்.
"முடிந்தவரை" என்பதை
அவர் கட்டளையாகவே கேட்டிருக்கிறார்.
கடைசிக் கட்டளை. அதையும் நிறைவேற்றிவிட்டார்.
மிச்ச நாற்பது டிகிரி கீழ்ப்படிதல்;
முதுகெலும்பில் அதற்குக் கணு இல்லை.

கோப்பின் அடியில் மனைவியின் கடிதம், கோடு போட்ட தாள்.
நெப்ராஸ்காவில் நான் கேள்விப்படாத ஓர் ஊர்.
பையனுக்கு ஷூ லேஸ் கட்ட
அவனைச் சமையல் மேடையில் ஏற்றி நிறுத்துவாராம்.
ஒருநாள் அவன் தானே கட்டிக்கொண்டு வந்து நின்றபோது
கராஜுக்குள் போனவர் அரைமணி நேரம் வெளியே வரவில்லையாம்.
காலைத் தபால் கதவுத் துளை வழியாகத் தரையில் விழும்;
ஐந்து மணிக்கு நான் வேலை முடிந்து வரும்வரை
அங்கேயே கிடக்கும்.
அவர் அதைத் தாண்டித் தாண்டி நடப்பார்.
குறை சொல்ல எழுதவில்லை, என்று முடித்திருந்தாள்,
நீங்கள் அனுப்பிய படிவத்தில் இதற்கு இடமில்லை.

தலைவலி தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள்.
எனக்கு வந்ததில்லை. எனக்குத் தெரியாது.
தெரிந்ததெல்லாம்
வலி தொடங்கிய இடம் முப்பது,
அளவு முடிந்த இடம் எழுபது,
இரண்டில் எது முதுகு என்று
சட்டம் எங்கள் மூவரைக் கேட்கிறது.

டாக்டர் ஃபெரெய்ரா நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.
"முப்பது" என்றார்.
இரண்டுக்கு ஒன்று.
கர்னல் தன் மறுப்பை இரண்டு வரியில் எழுதினார்,
நேர்த்தியான கையெழுத்து.
எழுந்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டார்.
நான் கூரையைப் பார்த்தேன்.

நாற்பது சதவீதம். பணிநீங்கிய நாளிலிருந்து.
பரிந்துரைதான்; மேலே இன்னொரு கையெழுத்து வேண்டும்.
அது வந்துவிட்டால், நெப்ராஸ்காவில்
ஏதோ ஒரு காலை, பதினோரு மணி வாக்கில்,
கதவுத் துளை ஒருமுறை திறந்து மூடும்.

விறைத்த உறை, அரசு முத்திரை,
தரையில்.
நின்றபடியே தன் பெயரை வாசித்துவிடலாம்.
மணி ஐந்தாக
இன்னும் ஆறு மணி நேரம்.